சீத்தாவுக்கு மூன்றடி மண்

மனோரஞ்சிதக் கொடியையும் நெட்டிலிங்க மரத்தையும் சீத்தா மரத்தையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், அவை மூன்றும் உறவினர் என்று எளிதில் யாரும் சொல்லிவிட மாட்டார்கள். ஒன்றை மணத்துக்காக வளர்க்கிறோம். ஒன்று மதிலோரம் காவலர்போல் வரிசையாக நிற்கிறது. மற்றொன்று பழம் தருகிறது. ஆனால் பூவைக் கொய்து உள்ளங்கையில் வைத்து நோக்கினால் உறவு புலப்படும். மும்மூன்றாக அமைந்த தடித்த இதழ்கள், மலர்ந்த பின்னும் நெடுநேரம் பச்சையாகவே தோன்றும் நிறம், நடுவில் நெருங்கித் திரண்ட மகரந்தத் தாள்கள் என்று குடும்பச் சாயல் மூன்றிலும் உண்டு. தாவரவியலார் இவற்றை அனோனேசி என்னும் ஒரே குடும்பத்தில் வைக்கின்றனர். இக்குடும்பத்தார் பெரும்பாலும் வெப்ப நாட்டுவாசிகள். ஒரு சிறு கிளை மட்டும் வடக்கே சென்று பனி பெய்யும் காடுகளில் குடியேறியது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் அந்த மரத்தின் பெயர் பாபா. அதைப் பற்றித் தொடங்கி அம்பத்தூர்க் கொல்லையில் நிற்கும் சீத்தாவைப் பற்றிச் சில சொல்ல எண்ணுகிறோம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஆங்கிலம் வழங்கும் பல நாடுகளில் பாபா என்றால் நாம் பப்பாளி என்றும் ஈழத்தவர் பப்பாசி என்றும் சொல்லும் பழத்தையே குறிக்கும். அமெரிக்கக் காட்டு மரத்துக்கும் அதே பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது. இரண்டுக்கும் உறவு ஏதும் இல்லை. நாம் பேசப்போவது காட்டு மரத்தைப் பற்றி.

நம் பழைய மாணவர் ஒருவர் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் குடியேறியவர். சீத்தாப்பழம் தின்று பல ஆண்டுகள் ஆயின என்று ஒருமுறை எழுதியிருந்தார். அவர் வாழும் மாநிலத்தின் தென்கோடியிலேயே சீத்தாவின் ஒன்றுவிட்ட சகோதரம் காட்டு மரமாக வளர்கிறது என்று பதில் எழுதினோம். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்தில் பாபா வளர்ப்பைப் பற்றி இருவரும் நிறையக் கற்றுக்கொண்டோம்.

பாபா உயர்ந்த மரங்களின் நிழலில் வளரும் சிறு மரம். ஐந்து முதல் பத்து மீட்டர் வரை உயரும். வேரிலிருந்து கன்றுகள் விட்டுத் தோப்பாகப் பரவும். மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் குளிரையும் தாங்கும். குளிர்காலம் என்று ஒன்று இல்லாவிட்டால் அதற்கு உறக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. ஆகவே சென்னையில் அது தேறாது. அதன் விதையைக் காயவிட்டால் முளைக்கும் திறன் போய்விடும். ஈரப் பாசியில் பொதிந்து குளிர்பெட்டியில் 70 முதல் 100 நாள்வரை வைத்திருந்து, பின் வெதுவெதுப்பான மண்ணில் ஊன்ற வேண்டும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் இடம் மாற்றி நட்டால் பெரும்பாலும் பட்டுப்போகும். முதல் ஓரிரு ஆண்டுகள் இளங்கன்றுக்கு வெயில் ஆகாது. வளர்ந்த பின்போ வெயில் பட்டால்தான் காய்க்கும். அதனால் காட்டுத்தோட்டம் வைத்திருப்போர் பெருமரங்களின் விளிம்பில், நிழலும் ஒளியும் கலக்கும் இடத்தில் அதை நடுகிறார்கள். தன் மகரந்தத்தால் தானே சூல்கொள்வது அரிது என்பதால் வேறு வேறு மரபில் வந்த இரண்டு மரங்களாவது வேண்டும். இலை துளிர்க்கும் முன்பே கருஞ்சிவப்புப் பூக்கள் தலைகீழாகத் தொங்கும். தேனீக்கள் அவற்றை நாடுவதில்லை. ஈக்களும் வண்டுகளுமே வரும். அவை போதாதபோது தோட்டக்காரர் மெல்லிய தூரிகை கொண்டு ஒரு மரத்தின் மகரந்தத்தை மற்றொரு மரத்தின் பூவில் தாமே தடவி வைப்பார். ஆகஸ்டு இறுதி முதல் அக்டோபர் வரை பழம் கிடைக்கும். வாழையும் மாம்பழமும் சேர்ந்தாற்போன்ற சுவை என்று தின்றவர்கள் சொல்கிறார்கள்.

ஐக்கிய அமெரிக்க நாட்டின் சொந்த மரங்கள் தரும் உண்ணத்தக்க கனிகளுள் இதுவே அளவில் பெரியது. 1806 செப்டம்பரில் லூயிஸ், கிளார்க் என்னும் இருவரின் தலைமையில் மேற்குத் திசை சென்று திரும்பிய ஆய்வுப் படையினர் உணவு தீர்ந்த நிலையில் மிசௌரி ஆற்றங்கரையில் இந்தப் பழத்தைத் தின்றே சில நாள்களைக் கடத்தினர். 1916ஆம் ஆண்டில் அமெரிக்க மரபியல் சங்கம் நாட்டிலேயே சிறந்த பாபாவைக் கண்டறியப் போட்டி நடத்தியது. 1990களிலிருந்து கெண்டக்கி மாநிலப் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஓர் ஆய்வுத் திட்டத்தை நடத்திவருகிறது. ஒஹையோ மாநிலத்தில் 1999 முதல் பாபா திருவிழா நடக்கிறது. இத்தனை இருந்தும் அமெரிக்கரில் பெரும்பாலோர் அதைச் சுவைத்ததில்லை. காரணம் எளியது. பழுத்த பாபா இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். தோல் மெல்லியது, விரல் பட்டாலே கன்றிப்போகும். முற்றாமல் பறித்தால் பழுக்கவே பழுக்காது. லாரியில் ஏற்றி ஐந்நூறு மைல் அனுப்பி, அங்காடி அலமாரியில் ஒரு வாரம் அடுக்கிவைக்கும் ஏற்பாட்டுக்கு அது இணங்கவில்லை. ஆகவே அங்காடி அதைக் கைவிட்டது. மரத்தைக் காத்தவர்கள், காட்டோரத்தில் அதை விட்டுவைத்தவர்களும் வீட்டுத் தோட்டத்தில் நட்டவர்களுமே.

நம் வாதத்தின் அச்சாணி இதுதான். சில கனிகளின் நல்ல வடிவம் சந்தைக்கு வந்து சேராது. அவற்றுக்கு வீட்டுக் கொல்லையே வாழிடம். கொல்லையை அழித்தால் அக்கனியும் அதைச் சுற்றியிருந்த அறிவும் சேர்ந்து அழியும்.

சீத்தாப்பழம் பருவகாலத்தில் தள்ளுவண்டிகளில் குவிந்து கிடக்கிறதே என்று அன்பர்கள் கேட்கலாம். கிடக்கிறது, உண்மை. அதை வாங்கிவந்து வீட்டில் வைத்தவர்களுக்கு அதன் கதியும் தெரியும். பத்துப் பழத்தில் மூன்று நன்றாகப் பழுக்கும். இரண்டு வெடித்து ஒழுகும். மீதி பழுக்காமலே கறுத்துக் கல்லாகும். குளிர்பெட்டியில் வைத்தாலோ தோல் முழுவதும் கரியாகும். நெடுந்தூரப் பயணத்துக்காக முற்றும் முன்பே பறிக்கப்பட்ட காய்களின் விதி அது. கொல்லையில் சீத்தா வைத்திருப்போர் அப்படிப் பறிப்பதில்லை. செதில்களுக்கு இடையிலுள்ள பள்ளம் அகன்று, பச்சை வெளிறி, இளமஞ்சள் வெண்மை தெரியும்வரை காத்திருப்பார்கள். அதைத்தான் கண் விரிவது என்கிறார்கள். நம் அடுத்த வீட்டு ஆயா, “கண்ணு விரிஞ்சு வெள்ளை தெரியணும் சார், அதுக்கு முன்ன கை வச்சா கல்லாப் பூடும்” என்று இலக்கணமாகவே சொல்லிவிடுவார். கண் விரிந்த காயை அரிசிப் பானைக்குள் வைத்தால் இரண்டு மூன்று நாளில் பழுக்கும். அணிலுக்கும் வௌவாலுக்கும் முந்திக்கொள்ள அந்த ஒரு நாள் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். விதையை அரைத்துப் பேனுக்குத் தலையில் தடவுவார்கள்; அதன் துளி கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்ற எச்சரிக்கையையும் உடன் சொல்வார்கள். இந்த அறிவு எந்தப் பாடநூலிலிருந்தும் வந்ததன்று. மரம் வீட்டில் இருந்ததால் வந்தது.

இனி நம் ஊர்ப் பக்கத்தைப் பார்ப்போம். சென்னையின் மேற்குப் புறநகர்ப் பெயர்களில் பல, செடியும் கொடியும் மரமுமாக இருப்பவை. திருமுல்லைவாயில் முல்லையால் பெயர் பெற்றது. தொண்டைமானின் யானைக் காலை முல்லைக் கொடி சுற்றிக்கொண்டதாகத் தலவரலாறு சொல்லும். திருவேற்காடு வேல மரக் காடு. ஆவடிக்கு அருகில் பருத்திப்பட்டு. பூவிருந்தவல்லியோ பெயரிலேயே பூவை வைத்திருக்கிறது. அங்கே நந்தவனம் அமைத்துக் காஞ்சிப் பெருமாளுக்குப் பூ கொண்டுசென்ற திருக்கச்சி நம்பியின் ஊர் அது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. அவற்றில் வேலைக்கு வந்தவர்கள் வயலாகவும் தோப்பாகவும் இருந்த மனைகளை அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு என வாங்கி வீடு கட்டினார்கள். முன்னால் இரண்டு அறை, பின்னால் கிணறு, கிணற்றைச் சுற்றி ஒரு தென்னை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு சீத்தா. திட்டமிட்டு நட்டவர்களும் உண்டு, துப்பிய விதையிலிருந்து தானே முளைத்ததை விட்டுவைத்தவர்களும் உண்டு. சீத்தாவுக்கு அது போதும். வறட்சி தாங்கும், மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும், கூரைக்கு மேல் உயராது.

அந்த வீடுகளைக் கட்டியவர்களின் தலைமுறை முடிந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் வேறு ஊரில் இருக்கிறார்கள் அல்லது பாகம் பிரிக்க வேண்டியிருக்கிறது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆயிற்று. பூவிருந்தவல்லிவரை மெட்ரோ தூண்கள் எழுந்தன. மண்ணின் விலை ஏறிய பிறகு ஒரு வீடு நின்ற இடத்தில் ஆறு குடும்பங்கள் வாழும் அடுக்ககம் வருவதைத் தவறென்று நாம் சொல்லவில்லை. நகரம் வளரும்போது மக்களுக்கு வீடு வேண்டும். கல்லூரி ஆசிரியராகிய நாமும் இந்தப் பக்கம் வீடு தேடி வந்தவரே. நம் வருத்தம் கட்டடத்தைப் பற்றியதன்று. கட்டடத்தைச் சுற்றி விதிப்படி விடப்படும் வெறுமண்ணையும் விளிம்புவரை சிமெண்டுக் கற்களால் மூடிவிடுவதைப் பற்றியது. மதிலோரம் ஓரடி அகலத்தில் ஒரு தொட்டி கட்டி அதில் நெட்டிலிங்கத்தை வரிசையாக நட்டு, அதற்கு அசோக மரம் என்று பெயரும் சொல்லிவிடுகிறார்கள். சங்கப் புலவர் செயலை என்று பாடிய அசோகு வேறு, இது வேறு. சீத்தாவின் உறவுக்காரனை அலங்காரத்துக்கு வைத்துக்கொண்டு சீத்தாவை வெட்டி எறிவதில் ஒரு வேடிக்கை உண்டு.

நாம் குடியிருக்கும் தெருவில் இருபது ஆண்டுகளுக்கு முன் ஏழு வீடுகளில் சீத்தா இருந்தது. இன்று இரண்டில்தான் இருக்கிறது. அவற்றுள் ஒரு வீட்டைக் கட்டட ஒப்பந்தக்காரர் அளந்து பார்த்துச் சென்றிருக்கிறார்.

சீத்தாவுக்காக இத்தனை பரிந்து பேசுவதற்கு நம் இயற்கை ஆர்வல நண்பர்கள் இரண்டு தடைகள் எழுப்புவார்கள். முதல் தடை, சீத்தா அயல்மரம் என்பது. பெரும்பாலான தாவரவியலார் கருத்துப்படி அதன் தாயகம் அமெரிக்காவின் வெப்பப் பகுதி. போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பின்னர் நம் நாட்டில் பரவியது. மதுராவின் பழஞ்சிற்பங்களில் உள்ள கனி சீத்தாவே என்று தொல்லியல் அறிஞர் கன்னிங்காம் 19ஆம் நூற்றாண்டில் கருதினார். அதன்மேல் அப்போதே விவாதம் எழுந்தது. மக்களோ இந்த விவாதத்துக்குக் காத்திராமல் அதைச் சீதையோடு சேர்த்துவிட்டனர். அதன் உறவான மற்றொரு பழத்துக்கு இராமசீத்தா என்று பெயரிட்டு இராமனையும் விட்டுவைக்கவில்லை. மிளகாயும் பப்பாளியும் கொய்யாவும் முந்திரியும் கடல் கடந்து வந்தவையே. மிளகாய்க்கு மிளகிலிருந்து பெயர் செய்துகொண்ட மொழி நம்முடையது.

பெயரை விட வலுவான சான்று ஒன்று உண்டு. கருஞ்சிறகில் பச்சைப் புள்ளிகள் பதித்து, ஓரிடத்தில் நில்லாமல் சிறகடிக்கும் வண்ணத்துப்பூச்சி ஒன்றை நம் தோட்டங்களில் காணலாம். அதன் புழுக்கள் நெட்டிலிங்கத்தின் இலையைத் தின்று வாழ்பவை. சீத்தா இலையையும் அவை ஏற்றுக்கொண்டுவிட்டன. அமெரிக்கக் காட்டிலோ வரிக்குதிரைபோல் கறுப்பும் வெண்மையுமாகக் கோடிட்ட வேறொரு வண்ணத்துப்பூச்சி பாபாவையும் அதன் நெருங்கிய இனங்களையும் தவிர வேறு எதிலும் முட்டையிடாது. பாபா இல்லாத காட்டில் அப்பூச்சியும் இல்லை. இரண்டு பூச்சிகளும் ஒரே குடும்பத்தவை. மரக் குடும்பத்தின் கைப்பும் நஞ்சும் பிற பூச்சிகளை விரட்ட, இந்தக் குடும்பத்துப் புழுக்கள் மட்டும் அதை உண்ணப் பழகிக்கொண்டன. எனவே அயல்மரம் என்று ஒதுக்குமுன், நம் மண்ணின் உயிர்கள் அதை எப்படி நடத்துகின்றன என்று பார்ப்பது நியாயம். காடுகளையும் ஏரிக்கரைகளையும் மீட்கும் இடத்தில் நாட்டு மரங்களையே நட வேண்டும். அதில் நமக்கு மறுப்பில்லை. வீட்டுக் கொல்லையின் நியாயம் வேறு. அங்கே மனிதரும் ஓர் உயிராகப் பங்கு கேட்கிறார்கள்.

இரண்டாவது தடை நடைமுறை பற்றியது. இலை உதிர்கிறது, மாவுப்பூச்சி பிடிக்கிறது, எறும்பு வருகிறது, புயலடித்தால் என்ன ஆவது என்பார்கள். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையின் பெருமரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்த பிறகு வீட்டருகே மரம் என்றாலே பலருக்கு அச்சம். அந்த அச்சத்துக்குச் சீத்தா பொருத்தமான விடை என்பது நம் எண்ணம். நான்கைந்து மீட்டர் உயரத்துக்குள் நிற்கும் மரம் அது. மின்கம்பியைத் தொடாது, கூரையில் விழாது. மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம். அப்பூச்சியைத் தூக்கிச் சுமப்பவை எறும்புகளே. அடிமரத்தில் துணி சுற்றிப் பசைபூசிவிட்டால் அவை ஏறமாட்டா. உதிர்ந்த இலையை மரத்தடியிலேயே குவித்துவிட்டால் அதுவே எரு. காட்டுத்தோட்டக்காரர்கள் பாபாவின் அடியில் செய்வதும் இதுவே; காடு தனக்குத் தானே செய்துகொள்வதும் இதுவே.

காய்ப்பதில்லை என்ற குறையும் சிலர் சொல்வதுண்டு. சீத்தாவின் பூ முதலில் பெண்ணாக இருந்து பின்னர் ஆணாக மாறுவது. சூல்முடி மகரந்தத்தை ஏற்கும் நேரத்தில் அதே பூவின் மகரந்தம் முதிர்ந்திராது. இடைப்பட்ட தூது வேலையைச் சிறு வண்டுகள் செய்கின்றன. சுற்றிலும் சிமெண்டு பரவிய தெருவில் வண்டுகள் குறைவு, ஆகவே காயும் குறைவு. கெண்டக்கித் தோட்டக்காரரின் தூரிகை இங்கும் உதவும். காலையில் முழுதாக விரிந்த பூவின் மகரந்தத்தை ஒரு சிமிழில் உதிர்த்து, பாதி விரிந்த பூவின் நடுவில் மென்மையாகத் தடவினால் போதும். இலையுதிர்ந்த பின் மாசியில் கிளைகளைச் சற்றே கவாத்து செய்தால் புதுத் தளிரோடு பூவும் மிகும். நல்ல கன்று வேண்டுவோர் ஒட்டுக்கன்று வாங்கலாம். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட இரகம் உண்டு. பெங்களூருத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சகன் என்னும் கலப்பினமும் உண்டு. அதில் சதை மிகுதி, விதை குறைவு. எதுவும் கிடைக்காவிட்டால் நல்ல பழத்தின் விதை ஒன்றே போதும்.

தமிழ் படித்தவர் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. தோட்டம், கொல்லை, புழக்கடை, சோலை, நந்தவனம் என்று எத்தனை சொற்கள் நம்மிடம்! மனையைச் சார்ந்த தோட்டத்தைச் சங்க இலக்கியம் படப்பை என்றது. தாம்பரத்துக்கு மேற்கே ஓர் ஊர் இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 பூக்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர்கள் நம் வகுப்பில் உண்டு. அவர்களைச் சாளரத்தின் வழியே தெரியும் ஐந்து மரங்களின் பெயரைச் சொல்லச் சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. குறை அவர்களுடையதன்று. பெயரைக் கற்றுத்தரும் பாட்டனும் ஆயாவும் மரமும் ஒரே இடத்தில் இருந்தால்தான் பெயர் ஒட்டும். திணையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். கருப்பொருள் ஒன்றையேனும் தொட்டுப் பாராதவருக்கு அது தேர்வுக்குரிய பட்டியலாகவே நின்றுவிடும்.

நாம் கேட்பது பெரிதன்று. 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாயிற்று. அன்று அதையும் இடமில்லை, செலவு என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். இன்று அடுக்ககம் கட்டுவோர் அதைக் கேள்வியின்றிச் செய்கிறார்கள். அதுபோலவே கட்டடத்தைச் சுற்றி விடும் இடத்தில் ஒரு மூலையிலாவது மூன்றடிக்கு மூன்றடி, அடியில் சிமெண்டு இல்லாத மண்ணை விட வேண்டும் என்று உள்ளாட்சிகள் விதிக்கலாம். விதி வரும்வரை காத்திராமல் குடியிருப்போர் சங்கங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். மழைநீர் இறங்கும் குழிக்குப் பக்கத்திலேயே அந்த மண் இருந்தால் மரத்துக்கும் நீர், நிலத்துக்கும் நீர். அந்த மூன்றடியில் சீத்தாவைத்தான் நட வேண்டும் என்று நாம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பழம் தரும், உயரம் மீறாத, வறட்சி தாங்கும், கடையில் நல்லதாகக் கிடைக்காத மரம் ஒன்று வேண்டுமென்றால் அதற்கு நிகர் குறைவு.

பழைய வீட்டை இடிக்கக் கொடுக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், கொல்லை மரங்களுள் எது நிற்கலாம் என்று வரைபடத்தைப் பார்த்து ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள். தூண் வரும் இடத்தில் நிற்கும் மரத்தைக் காக்க முடியாது. மதிலோரம் நிற்பதைப் பெரும்பாலும் காக்கலாம். யாரும் கேட்காததால்தான் அதையும் வெட்டுகிறார்கள். காக்க இயலாதென்றால் அந்த மரத்தின் கடைசிப் பழத்தின் விதைகளைக் காயவைத்து ஒரு தாளில் மடித்து வையுங்கள். பாபாவின் விதைபோல் அது குளிர்பெட்டியைக் கேட்பதில்லை. நடுமுன் ஓர் இரவு நீரில் ஊறவைத்தால் போதும், ஏறத்தாழ ஒரு மாதத்தில் முளைத்துவிடும்.